தலாணிக்குள்ள பாடின வேல்ஸ் பெட்டை

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு தம்பி மூண்டு தரம் போன் எடுத்திட்டார். பிக் மச் பற்றியும் அதிபர்ர பிரம்பு பற்றியும் எப்பிடியும் மற்ற ஆக்கள் எழுதுவினம், நான் மேரி ஹொப்கின் எண்ட ஒரு பாட்டுக்காரியைப் பற்றி எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

1968 முடியுற நேரம். ஹொஸ்டல்ல ரேடியோ வைச்சிருக்க விடமாட்டினம், ஆனா எங்கட டோம்ல ஒருத்தன் தேப்பன் கொழும்பில இருந்து கொண்டுவந்து குடுத்த சின்ன ட்ரான்சிஸ்டரைத் தலாணி உறைக்குள்ள வைச்சிருந்தவன். லைட் நூத்த பிறகு நாலு பேர் ஒரு தலாணியில காதை வைச்சுக்கொண்டு கிடப்பம். அப்பிடித்தான் ‘தோஸ் வேர் த டேய்ஸ்’ கேட்டது. மெல்ல இழுத்துத் தொடங்கி, போகப் போக கலியாண வீட்டு மேளம் மாதிரி வேகம் பிடிச்சு, கடைசியில சொல்லே இல்லாம லா லா எண்டு போகும். இங்கிலீசு எங்களுக்குப் பாதிதான் விளங்கினது, லா லா முழுக்க விளங்கினது. பாடுறவ ரஷ்யாக்காரி எண்டு ட்ரான்சிஸ்டர்காரன் அடிச்சுச் சொன்னான், நாங்களும் நம்பினம்.

ஒருநாள் வோர்டன் பிடிச்சு ட்ரான்சிஸ்டரைக் கொண்டு போட்டார். ரெண்டு நாள் கழிச்சு அவற்ர அறைக்குள்ள இருந்து அதே பாட்டுக் கேட்டுது.

1979ல நான் வேலைக்கு வேல்ஸில இருக்கிற சுவான்சீக்கு வந்தன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் நான் அந்த லா லாவை முணுமுணுக்க, பக்கத்து மேசைக்காரர் சிரிச்சுப்போட்டு, அது எங்கட பள்ளத்தாக்குப் பிள்ளை, மேரி ஹொப்கின், பொன்டர்டாவே எண்டார். இரும்பு வேலையும் தகர வேலையும் நடந்த சின்ன ஊர், சுவான்சீயில இருந்து காரில கொஞ்ச நேரம். சேர்ச் கொயர்ல பாடி வளந்தவ, முதல் ரெக்கோர்ட் போட்டதும் வேல்ஷ் மொழியிலதான்.

1968ல ஐரிவி எண்ட பிரித்தானிய ரீவியில நடந்த ‘ஒப்பர்ச்சூனிட்டி நொக்ஸ்’ போட்டியில பாடினதை ட்விகி எண்ட மொடல் பாத்திட்டு பீட்டில்ஸ் பாட்டுக் குழுவில இருந்த போல் மெக்கார்ட்னிக்குச் சொல்ல, அவர் பீட்டில்ஸ்காரற்ர புது ரெக்கோர்ட் கொம்பனி அப்பிளுக்கு எடுத்து, தானே நிண்டு அந்தப் பாட்டைப் பதிஞ்சார். அப்ப அவவுக்கு வயசு 18. பழைய காலத்தை நினைச்சு ஏங்குற பாட்டை 18 வயசுப் பிள்ளை பாட, மீசை முளைக்காத நாங்கள் அதைக் கேட்டு உருகினம், எதை நினைச்சு உருகினமோ தெரியேல்லை! பிரித்தானியாவில பாட்டு விற்பனைச் சார்ட்டில பீட்டில்ஸ்ர ‘ஹே ஜூட்’டையே இறக்கிப்போட்டு ஆறு கிழமை முதலாம் இடத்தில நிண்டது.

அடுத்த வருசம் மெக்கார்ட்னி எழுதிக் குடுத்த ‘குட்பை’ ரெண்டாம் இடம் வரைக்கும் போச்சுது, மேல போக விடாமல் மறிச்சது பீட்டில்ஸ்ர ‘கெட் பேக்’. 1970ல ஆம்ஸ்டர்டாமில நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலயும் ரெண்டாவது, வெண்டது அயர்லாந்துக்குப் பாடின டேனா எண்ட பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தப் போட்டிப் பாட்டே தனக்குப் பிடிக்கேல்லை எண்டு மேரி பிறகு சொன்னவ. அவவுக்குப் பிடிச்சது கிட்டாரோட அமைதியாப் பாடுற நாட்டுப்பாட்டு மாதிரிச் சங்கதி, கொம்பனிக்கு வேண்டியது சார்ட்டில ஏறுற சாமான். 1971ல தனக்குப் பிடிச்ச மாதிரி ‘எர்த் சோங், ஓஷன் சோங்’ எண்ட அல்பம் செய்தா, அது பெரிசா விக்கேல்லை, அதைத் தயாரிச்ச டோனி விஸ்கொண்டியைக் கலியாணம் முடிச்சுக்கொண்டு மெல்ல விலகிட்டா. சனம் மறந்துபோச்சு எண்டு சொல்லுவினம், என்னைக் கேட்டா அவவாத்தான் கதவைச் சாத்தினது. 1977ல டேவிட் போவி எண்ட பாட்டுக்காரற்ர ‘சவுண்ட் அண்ட் விஷன்’ல பின்னணிக் குரலாக் கொஞ்சம் கேக்கும், தெரியாட்டி கண்டுபிடிக்க ஏலாது.

போன மாசம் டொரோண்டோவில இருக்கிற ட்ரான்சிஸ்டர்காரனுக்குப் போன் எடுத்து, டேய், அவ ரஷ்யா இல்லை வேல்ஸ் எண்டன். மெட்டு ஆற்ர எண்டு கேட்டான். போரிஸ் ஃபோமின் எண்ட ரஷ்யற்ர பழைய மெட்டு, இங்கிலீசில எழுதினது ஜீன் ரஸ்கின் எண்ட அமெரிக்கர் எண்டு சொல்லி வாய் மூடேல்லை, பாத்தியே நான் அப்பவே சொன்னன் எண்டுபோட்டு போனை வைச்சிட்டான்.