எந்த ‘ல’?

7 அக்டோபர் 2019, திங்கள், யாங்கோன்

சரஸ்வதி பூஜை. கடைக் கணக்கு நோட்டு, பேனா, பேத்தியின் பர்மியப் பாடப்புத்தகம் எல்லாம் சாமி முன்னால் அடுக்கியாயிற்று. இன்றைக்கு எதையும் தொடக்கூடாது. கைப்பேசியை மட்டும் நான் பூஜையில் வைக்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். ஊரில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த வாத்தியார் கேட்டால் “நல்லா சட்டம் பேசுறடா” என்பார்.

பர்மிய விளக்குத் திருவிழாவான தடிஞ்சுட் பௌர்ணமி வருகிற ஞாயிற்றுக்கிழமை. பர்மியர்கள் அன்று பெற்றவர்களையும் ஆசிரியர்களையும் தேடிப் போய்க் கும்பிட்டு வருவார்கள். ‘கடோ’ என்று பெயர். புத்தர், தர்மம், சங்கம், தாய் தந்தை, ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிற ஜனம். நாம் வாயால் ‘மாதா பிதா குரு’ சொல்வதோடு சரி. நான் வாத்தியாரைப் பார்க்கப் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை போயே தீருவது.

8 அக்டோபர், செவ்வாய்

விஜயதசமி. அனோரத்தா வீதி காளி கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், பக்கத்து வீட்டில் தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அரிசியை வாயில் போட்டுக்கொண்டது.

எனக்கு எழுத்து வந்தது மணலில். நான் பிறந்த 1965-ல்தான் தனியார் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதோடு தமிழ் வகுப்பறையை விட்டுப் போய், கோயில் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தது. பகோ பக்கத்தில் எங்கள் ஊரில் அதை உட்கார வைத்தவர் வாத்தியார். பகலில் நெல் மில்லில் கணக்கு எழுதுவார். சாயந்திரம் சைக்கிளைக் கோயில் வேப்பமரத்தில் சாத்திவிட்டு, லாந்தரைத் துடைத்து ஏற்றுவார். சம்பளம் கிடையாது. யார் வீட்டிலாவது வாத்து முட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

தப்பாக எழுதினால் அடிக்கவும் மாட்டார், அடித்துத் திருத்தவும் மாட்டார். தப்பான சொல்லைக் கட்டைவிரலால் மூடுவார். “இப்ப வாசி” என்பார். சொல் இல்லாமல் வாசிப்போம். “அந்த இடத்துல என்னடா வரணும்?” நாமே சொல்ல வேண்டும். அப்புறம்தான் விரலை எடுப்பார். மில் மையில் கறுத்துப்போன நகம். இன்றும் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அந்த நகம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

11 அக்டோபர், வெள்ளி

வாத்தியாருக்கு ஒரு லுங்கி, டீத்தூள், அவர் வீட்டு அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கியாகிவிட்டது. ரயிலில் 50 மைல்தான், ஆனால் குலுக்குகிற குலுக்கில் பழம் கொண்டுபோக முடியாது.

வெல்லக் கதையை எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளில் ஊரில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். 1964-ல் கடைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின, 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின, யார் இருப்பார்கள்? தங்கிவிட்டவர்கள் போனவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும், எழுதத் தெரியாது. வாத்தியார் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அதுதான் எங்களுக்குக் கட்டுரைப் பயிற்சி.

எனக்குப் பத்து வயது. கரும்பாலை வைத்திருந்த ஒரு ஆத்தா, சென்னை வியாசர்பாடியில் இருந்த மகனுக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த வருஷம் வெல்லம் நல்லா வந்திருக்கு, வீடு நிறைய வெல்லம், பானையெல்லாம் ரொம்பிருச்சு, படுக்க இடமில்லை, நீ கவலைப்படாதே. அத்தனை இடத்திலும் நான் போட்டது ‘வெள்ளம்’.

அன்றைக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல். யாரும் பார்க்காமல் கடிதம் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து மகனிடமிருந்து பதில் வந்தது. ஆத்தா எந்தத் திண்ணையில் ஒண்டியிருக்கிறாய், தம்பி தங்கைகள் பிழைத்தார்களா என்று நாலு பக்கம். ஆத்தா அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டாள். நான் தூணுக்குப் பின்னால்.

வாத்தியார் முழுக்க வாசித்தார். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “தை மாசத்துல ஊரையே முக்கிட்டியேடா! ஆனா பாரு, உன் எழுத்தை நம்பி அங்க ஒரு மனுசன் அழுதிருக்கான். நம்புற மாதிரி எழுத வருது உனக்கு.” ஆத்தா பக்கம் திரும்பி, “அடுத்த கடுதாசியும் இவன்தான் எழுதுவான்” என்றார். ஆத்தாவுக்கு அதில் இஷ்டமில்லை. முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அடுத்ததை நான்தான் எழுதினேன். அதற்கடுத்ததையும். இருபத்தேழு வயதில் யாங்கோன் வரும்வரை ஊர்க் கடிதமெல்லாம் என் கையெழுத்துத்தான்.

அன்று அவர் வேறு பையனிடம் கொடுத்திருந்தால் நான் இப்போது கணக்கு மட்டும் எழுதிக்கொண்டிருப்பேன்.

13 அக்டோபர், ஞாயிறு, ஊர்

தெருவெல்லாம் மெழுகுவத்தி. வாத்தியாருக்கு 84. பார்வை நிழலாடுகிற அளவுக்குத்தான். குரலைக் கேட்டதும் “வெள்ளம் வந்துருச்சு!” என்றார் அம்மாவிடம். பர்மிய முறைப்படி மூன்று தடவை விழுந்து கும்பிட்டேன். “போதும்டா, இடுப்புப் பிடிச்சுக்கும்” என்றார்.

பழைய டப்பாவைக் காட்டினார். உள்ளே மூன்று 75 கியாட் நோட்டு. கரும்பலகைக்குச் சேர்த்தது, 1987-ல் செல்லாமல் போனது. பிறகு 45-ம் 90-மாக நோட்டு வந்தபோது, “ஒம்பதாம் வாய்ப்பாட்டை அரசாங்கமே அச்சடிச்சுக் குடுத்துருச்சு” என்று பிள்ளைகளிடம் சொன்னாராம்.

11-ஆம் தேதிக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். நடுவில் கையை நீட்டிக் கைப்பேசியின் மேல் கட்டைவிரலை வைத்தார். திரை நழுவி எங்கேயோ போய்விட்டது. “என்னடா, நிக்க மாட்டேங்குது?” நகத்தில் மை இல்லை. வெளுத்து, கோடு கோடாக இருந்தது.

14 அக்டோபர், திங்கள்

கிளம்புகிற நேரத்தில் அம்மா ஒரு காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். வாத்தியாரின் அக்கா தமிழ்நாட்டில் இருக்கிறார், தொண்ணூறு தாண்டிவிட்டது, போனில் பேசினால் காது கேட்பதில்லை. யாராவது எழுத்தில் கொடுத்தால் கண்ணாடி போட்டு வாசிப்பாராம்.

மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மாவின் முழங்கால் வலி, பேரனுக்குக் கல்யாணம், வந்தவன் வாங்கித் தந்த லுங்கி. பிறகு கொஞ்சம் நிறுத்தி, “ஆடியில வந்த வெள்ளம் வடிஞ்சிருச்சு, வீட்டுக்குள்ள வரலை” என்றார்.

எழுதினேன்.

“எந்த ‘ல’ போட்ட?”

சொன்னேன். கையை நீட்டினார். நானே அந்த விரலைப் பிடித்துச் சொல்லின் மேல் வைத்தேன்.

“இப்ப வாசி.”