பத்து தடவை செய்துவிட்டுச் சொல்லுங்கள்

"எதையும் ஒரு கை பார்த்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்களில் பலர் இரண்டாவது வாரத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். ஆரம்ப சூரத்தனம் என்று சிரித்துவிட்டு, மனப்பான்மை சரியில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு அங்கே கிடையாது. எவ்வளவு செய்து பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்தி யோசிப்பது என்று தொடங்கும்போது யாரும் அளவு குறிப்பதில்லை. முடிவு நாள் இல்லாத முயற்சி மெல்ல நமுத்துப்போகிறது.

அளவு என்றால் இப்படி: ஒரு தடவைக்கு 40 நிமிடம், வாரத்தில் 3 நாள், மொத்தம் 10 தடவை. (10 என்பது ஆய்வு சொன்ன எண் இல்லை, ஒரு மாதத்துக்குள் முடிகிற வசதிக்காக வைத்துக்கொள்வது.) பத்தும் முடியும்வரை "இது எனக்கு ஒத்துவருமா" என்ற கேள்வியைத் தொடக்கூடாது. நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இறங்குகிறவர் மூச்சை அடக்கிக்கொள்வார், காற்றுக்காகத் தலையைத் தூக்குவார். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். பாதி பலம் மிதப்பதற்கே செலவாகும். முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை விடவும், தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்கவும் உடம்பு பழகுவதற்கே முதல் சில தடவைகள் போய்விடும். இரண்டாம் நாளே "நீச்சல் பிடிக்கவில்லை" என்கிறவர் இன்னும் நீந்தியே பார்க்கவில்லை. அவருக்குப் பிடிக்காமல் போனது மூச்சுத் திணறல்.

"நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்பதை நம்பாதீர்கள். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: பல் தேய்த்ததும் இது, வேலை முடிந்து செருப்பைக் கழற்றியதும் இது. "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்ற இந்த வடிவத்தை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். வெறும் ஆசையைவிட இது நன்றாகவே கைகொடுக்கும்.

அடுத்த தவறு, ஆர்வ மிகுதியில் ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்காருவது. பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்த ஒரு சோதனையை ஆய்வாளர்கள் ஆலன் பேட்லியும் லாங்மேனும் 1978இல் வெளியிட்டார்கள். தினம் 1 மணி நேரம் பழகியவர்களுக்கு, தினம் 4 மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரமே தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஏற்பாட்டில் திருப்தி குறைவாக இருந்ததும் ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான், நாட்கள் இழுத்துக்கொண்டே போனதால். பாடுபட்ட களைப்பை வைத்து முன்னேற்றத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

டைப்பிங் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு விரலால் வேகமாகத் தட்டிப் பழகியவர் பத்து விரலுக்கு மாறினால் முதலில் வேகம் சரியும். இந்தச் சரிவில்தான் பலர் பழைய முறைக்கு ஓடுகிறார்கள். எஃப், ஜே சாவிகளில் இருக்கும் சிறு மேட்டில் ஆள்காட்டி விரல்களை வைத்து, விசைப்பலகையைப் பார்க்காமல், பிழையில்லாமல் மட்டும் பழக வேண்டும். வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவசரக் கடிதத்தை வைத்துப் பழகாதீர்கள். அவசரம் வந்தால் கை தானாகவே பழைய இரண்டு விரலுக்குப் போய்விடும்.

சரிவுக்குப் பின் தேக்கமும் வரலாம். 1897இல் வெளியான ஆய்வில் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தந்தி (ஒலிக் குறியீடாக வரும் செய்தி) பழகுகிறவர்களைக் கவனித்தார்கள். செய்தி வாங்கும் வேகம் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டு மறுபடி ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கும் இடைவெளி அது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

தேங்கி நிற்கும்போது நேரத்தைக் கூட்டுவதில் பயன் குறைவு, நேரத்தைப் பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். 40 நிமிடத்தில் 5 நிமிடம் கை பழக, 25 நிமிடம் தடுக்குகிற அந்த ஒரே இடத்துக்கு, மீதி 10 நிமிடம் முழுதாக ஒருமுறை. வாத்தியம் பழகுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, நன்றாக வரும் பகுதியையே திரும்பத் திரும்ப வாசிப்பது. காதுக்கு இனிமை, கைக்குப் பலன் பூஜ்யம். முடிந்ததும் நோட்டில் ஒரே வரி: இன்று எங்கே தடுக்கியது?

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சையும் விட்டுவிடலாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் நின்ற எண் 66. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே நான்காம் தடவை தவறிப்போனால் முதலிலிருந்து எண்ண வேண்டாம், நான்கையே அடுத்த நாள் செய்யுங்கள்.

எதையும் என்றால் எல்லாவற்றையும் இல்லை. கடன் வாங்கித் தொடங்குவது, உயிருக்கு ஆபத்தானது, திரும்ப வர வழியில்லாதது ஆகிய மூன்றுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது.

பத்தாவது தடவை முடிந்ததும் நோட்டைத் திறந்து பத்து வரிகளையும் படியுங்கள். தடுக்கிய இடம் நகர்ந்திருந்தால் இன்னொரு பத்து. அதே இடத்தில் நின்றிருந்தால், கற்றுத்தருகிறவரிடம் அந்த வரியை அப்படியே காட்டுங்கள். தடுக்கிய இடத்தைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை என்றால் நோட்டை மூடி, அடுத்ததற்குப் புதுப் பக்கம் திருப்பலாம்.