ஒரே கதவு, மூன்று வீடு: தர்மபுரிப் பக்கம் அரசியல் நையாண்டித் தொடர் எடுக்கிறவர்களுக்கு

முதல் பாகத்திலேயே எம்.எல்.ஏ.வைக் கொண்டுவராதீர்கள். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் நாலு அடியாள் என்று பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. அதைப் பார்த்து எந்த எம்.எல்.ஏ.வுக்கும் உறைக்கப் போவதில்லை. ஒரு திட்டத்தைப் பிடியுங்கள். அதற்கென்று ஒரு தொகை, ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ இருக்கும். பணம் எந்த இடத்தில் நழுவுகிறதோ, சிரிப்பும் அங்கேதான் இருக்கிறது.

ராஜுமுருகனின் 'ஜோக்கர்' (2016) தர்மபுரிக் கிராமத்துக் கதை. தன்னையே இந்திய ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டு உத்தரவு போடும் மன்னர் மன்னனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவன் ஏன் அப்படி ஆனான் என்று தேடினால், ஊழலில் அரைகுறையாக நின்ற ஒரு கழிப்பறையில் போய் முடிகிறது. அத்தனை பெரிய அரசியல் படத்தை ஒரு கழிப்பறைச் சுவர் தாங்குகிறது. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அரசின் கழிப்பறைத் திட்டத்தையே வைத்து எட்டு நிமிடப் பாகம் ஒன்று எழுதிப் பார்க்கலாம். தூய்மை பாரதத் திட்டத்தில் ஊரக வீட்டுக் கழிப்பறைக்கு ஊக்கத்தொகை 12,000 ரூபாய். இரட்டைக் குழி முறையில் இரண்டு உறிஞ்சுகுழி, நடுவில் கழிவைத் திருப்பிவிட ஒரு சேம்பர். ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்ப வேண்டும். குழியின் அடியில் சிமெண்ட் பூசக் கூடாது, பூசினால் தண்ணீர் மண்ணில் இறங்காது. கட்டி முடித்ததும் பயனாளி அதன் முன்னால் நிற்கிற போட்டோ வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே காட்சி தானாக வரும். ஊரில் வாங்கியது ஒரே ஒரு நீல பி.வி.சி. கதவு. அது டி.வி.எஸ். எக்ஸெல்லில் வீடு வீடாகப் போய்ப் போட்டோவுக்கு நிற்கிறது.

இதைக் கெடுப்பது சுலபம். "இது அந்த வீட்டுக் கதவாச்சே!" என்று யாராவது வசனம் பேசினால் போதும், காட்சி செத்தது. கதவின் கீழ் மூலையில் ஒரு கீறல் போடுங்கள். முதல் வீட்டில் அதை மூன்று விநாடி க்ளோஸப்பில் காட்டுங்கள். இரண்டாவது வீட்டில் கொஞ்சம் தள்ளி மிட் ஷாட், மூன்றாவதில் தூரத்திலிருந்து வைட் மட்டும். பார்க்கிறவர் தானே கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது வீட்டுப் பாட்டி கதவைத் தொட்டுப் பார்த்து "நல்லாத்தான் இருக்குது, எப்ப எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்பதோடு வெட்டிவிடுங்கள்.

விவரம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். "ஏன் கட்டவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும். பயனாளிகள் பட்டியல், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், பணம் விடுவித்த ஆணை என்று பெயர் சொல்லி நகல் கேளுங்கள்.

தொடராக இழுக்க எது மாறாமல் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அதே டீக்கடை, அதே பஞ்சாயத்து ஆபீஸ், அதே நாலு பேர் இருக்கட்டும். திட்டம் மட்டும் மாறட்டும். அடுத்த பாகத்துக்குக் கிராம சபை இருக்கிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இருக்க வேண்டிய ஆள், 100 பேர். நாற்காலியில் பன்னிரண்டு பேர், நோட்டில் நூறு கையெழுத்து. அதற்கடுத்து ஃப்ளோரைடு தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் அது சொந்த வலி. அங்கே ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அந்தத் தண்ணீரால் கறை படிந்த பல்லைச் சிரிப்புக்கு எடுக்காதீர்கள், வராத குழாயை எடுங்கள்.

மணிவண்ணனின் 'அமைதிப்படை' (1994) இன்னும் பேசப்படுவதற்குக் காரணம், கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கும் அமாவாசை ஒவ்வொரு படியாக ஏறி நாகராஜ சோழன் ஆவதை நாம் கூடவே பார்ப்பதுதான். 2013இல் வந்த அடுத்த படத்தில் அவன் ஏற்கெனவே உச்சியில் இருப்பவன், ஏறுகிற சுகம் அதில் குறைவு. உங்கள் வார்டு மெம்பரையும் பாகத்துக்கு ஒரு படி மட்டும் ஏற்றுங்கள்.

நடிக்க ஆள் தேடித் தர்மபுரியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்கிற கோமாளி வேஷம் கட்டுகிறவர்கள் ராஜா முன்னால் நின்றே ராஜாவைக் கிண்டல் செய்து பழகியவர்கள். சபையைப் பார்த்து நேராகப் பேசவும் தெரிந்தவர்கள், கேமராவைப் பார்த்துப் பேச விடுங்கள். திடலின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரல் என்பதால் க்ளோஸப்பில் மிகையாகத் தெரியும். முழு உருவம் தெரிய, வெட்டாமல் ஒரு நிமிட ஷாட்டாக எடுத்தால் அவர்கள் ஆட்டத்தின் கால் அசைவும் கிடைக்கும். பங்குனி முதல் வைகாசி வரை பாரதக் கூத்து நடக்கிற நாள்களில் தேதி கேட்காதீர்கள். விடிய விடியப் பாடியவருக்கு மறுநாள் குரல் இருக்காது. சம்பளத்தை முன்கூட்டியே பேசி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஊழலைப் பற்றிப் படம் எடுக்கிற குழு இதில் தவறவே கூடாது.

கேமராவை விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/60இல் எடுத்தால் ஆபீஸ் ட்யூப் லைட் வரி வரியாக ஓடும். படத்தைவிடச் சத்தம் முக்கியம். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டைக்கு உள்ளே மருத்துவ டேப் போட்டு ஒட்டுங்கள். கஞ்சி போட்ட கதர்ச் சட்டை உரசினால் ஒரு வசனமும் தேறாது, துவைத்து மென்மையாக்கிய சட்டையைக் கட்டாயமாக்குங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆனால் முந்தின ஷாட்டில் மேஜைக் காகிதம் பறந்திருந்தால் இந்த ஷாட்டிலும் பறக்க வேண்டும், ஓரத்தில் ஒருவர் அட்டையால் விசிறட்டும்.

சட்டப் பக்கம் இரண்டு விஷயம். போலி அரசாணைக் காகிதத்தில் நாலு சிங்க முத்திரையைப் போடாதீர்கள், அதன் முறையற்ற பயன்பாட்டைத் தடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீங்களே ஒரு வேடிக்கைப் படம் வரைந்து உங்கள் கற்பனை அரசுக்கு முத்திரை ஆக்குங்கள். ஊர்ப் பெயர், கட்சிக் கொடி, சின்னம் மூன்றும் கற்பனையாகவே இருக்கட்டும். அவதூறு வழக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் வருகிறது. மனுவில் கிடைத்த நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஊரில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்து, சிரித்த நிமிடத்தையும் பக்கத்து ஆளிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்ட நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்ட இடங்களில் வசனத்தைத் திரும்பப் பதிவு செய்யுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் தெலுங்கு, கன்னட சப்டைட்டிலையும் அந்த வாரமே போட்டுவிடுங்கள்.