வெட்டிய இரண்டு நொடி

"சார், அடுத்த தடவை அடிச்சு வெளிய விட்டுடட்டுமா?"

வீடியோ மீட்டிங் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு எங்கள் கால்பந்து அணியின் இளம் டிஃபெண்டர் பையன் கேட்டது இவ்வளவுதான். நான் புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்து, "அது உன் முடிவு தம்பி. களத்துல நிக்கிறது நீ. நிலைமையைப் பார்த்துச் செய்" என்றேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பதிலில் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை. வேறொரு பயிற்சியாளர் அதே இடத்தில் அதையே சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இருந்தும் அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது.

முந்தின நாள் நாங்கள் தோற்றது அவன் காலிலிருந்து போன பந்தில். எங்களுக்குத்தான் கோல் கிக், அதாவது கோல் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை எங்கள் கோல் முன்னாலிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது. இடப்பக்கம், கோலுக்கு முன்னாலுள்ள பெரிய கட்டமான பெனால்டி பகுதிக்குள்ளேயே நின்றிருந்த இவனுக்குக் கீப்பர் தட்டிக்கொடுத்தார். இவன் வழக்கம்போல பந்தை உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு, இடது காலில் வாங்கித் திரும்பி, நடுக்களத்துக்குக் கொடுக்கப் பார்த்தான். எதிரணி ஸ்ட்ரைக்கர் வளைந்து ஓடிவந்தான். கீப்பருக்குத் திருப்பிக் கொடுக்கும் வழியை முதலில் மறைத்தான், அப்புறம் காலை நீட்டினான். பந்து ஸ்ட்ரைக்கரின் கணுக்காலில் பட்டுத் தெறித்தது. இரண்டே எட்டு, கோல்.

அவனுக்கு அப்போது 19 வயது. அவனை எடுத்ததே அந்த இடது காலுக்காக. உயரம் இருந்தது, வேகமும் இருந்தது, ஆனால் அதெல்லாம் பல பேரிடம் இருக்கும். நெருக்கடியில் பந்து வரும்போது மிரளாமல், யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருமுறை தோளுக்கு மேல் பார்த்துவிட்டு வாங்கும் சென்டர் பேக், அதாவது பின்வரிசை நடுவில் நிற்கும் டிஃபெண்டர், லேசில் கிடைப்பதில்லை. அந்தத் தோள் பார்வையை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வரும்போதே கொண்டுவந்தான். 2019-இல் கோல் கிக் விதி மாறியது. அதுவரை பந்து பெனால்டி பகுதியைத் தாண்டினால்தான் சக வீரர் தொடலாம். இப்போது உதைபட்டு நகர்ந்தாலே போதும், உள்ளே நின்றே வாங்கலாம். அந்த ஒரு மாற்றத்தில் டிஃபெண்டரின் வேலையே இடம் மாறிவிட்டது. தன் கோலுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று, எதிராளியை வேண்டுமென்றே பக்கத்தில் வரவிட்டு, அவனைத் தாண்டிப் பாஸ் போட வேண்டும். பலித்தால் எதிரணியில் மூன்று நான்கு பேர் ஒரே அடியில் பின்னால் விடப்படுவார்கள். பலிக்காவிட்டால் நடப்பது ஊரே பார்க்க நடக்கும்.

நான் ஆடக் கற்றுக்கொண்டது வேறு காலம். 1992-இல், சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்று விதி வந்தபோது எங்கள் பின்வரிசையே ஆடிப்போனது. கீப்பரிடம் கொடுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து, ஓங்கி வெளியே அடிப்பது. அதனால்தான் அவன் கேட்ட கேள்வி எனக்கு அந்நியமாக இல்லை. அந்தக் கேள்வியோடு வளர்ந்தவன்தான் நானும்.

இப்போது அந்தக் கிளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீட்டிங்குக்கு அதை வெட்டியது நான். 11 நொடி. அவன் கால் பந்தைத் தொடும் கணத்தில் தொடங்கும், வலை அசைவதில் முடியும். நாலைந்து முறை ஓட்டினேன். ஒருமுறை நடுவில் நிறுத்தி, "இங்கே வேறென்ன வழி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டேன். யாரும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. திரையில் அவன் உருவம் அசையாமல் நின்றது. அதைப் பார்த்தபடி முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தான்.

பல வாரம் கழித்து, வேறு எதற்கோ அந்த ஆட்டத்தின் முழுப் பதிவைத் திறந்தேன். கிளிப் தொடங்குவதற்கு இரண்டு நொடி முன்னால் என்ன இருக்கிறதென்று அப்போதுதான் உருப்படியாகப் பார்த்தேன். கீப்பர் தட்டிய பந்து அவனுக்கு முன்னால் வரவில்லை, குதிகாலுக்குப் பின்னால் போயிருக்கிறது. அதை எடுக்க அவன் ஓர் எட்டுப் பின்வாங்கியிருக்கிறான். இறங்கிவந்து பந்து கேட்டிருக்க வேண்டிய நடுக்கள வீரரோ முதுகைக் காட்டி மேலே நடந்துகொண்டிருக்கிறார். அவன் தோளுக்கு மேல் பார்த்தபோது அந்த இடத்தில் ஆள் இல்லை. ஆள் வருவார் என்று நம்பித் திரும்பியிருக்கிறான். வருவார் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்தவன் நான்.

வேண்டுமென்று வெட்டவில்லை. இதை எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீட்டிங்கைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லி ஹெட் கோச் உத்தரவு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏழெட்டு கிளிப் வெட்ட வேண்டியிருந்தது. பந்து எங்கே பறிபோனதோ அங்கிருந்து வெட்டுவதுதான் பழக்கம். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கீப்பர் சீனியர், அந்த நடுக்கள வீரர் கேப்டன். அந்த ராத்திரி என் கை அந்த இடத்தில் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு அவன் மாறினான். சட்டென்று இல்லை. முதலில் தோள் பார்வை குறைந்தது. அப்புறம் பந்தைக் குறுக்கே ஓடவிடுவது நின்றது. முதல் டச்சே எல்லைக்கோட்டுப் பக்கம் போக ஆரம்பித்தது. கோல் விழவில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெட் கோச்கூட ஒருநாள், "பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்றார். நானும் ஆமாம் என்றேன். ஜனவரியில் கீழ் டிவிஷன் கிளப் ஒன்று அவனை லோனில், அதாவது தற்காலிகமாகத் தங்களுக்கு ஆட, கேட்டது. ஆட்டம் கிடைக்கும் என்று அனுப்பினோம். பந்து முக்கால்வாசி நேரம் ஆகாயத்தில் இருக்கும் அணி. வந்ததையெல்லாம் தலையால் முட்டித் தள்ளினான், நல்ல பேர் எடுத்தான். திரும்பி வந்தபோது அவனிடம் எங்களுக்கு வேண்டியது இல்லை என்று மேலே முடிவு செய்தார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வேண்டியது என்று சொன்னார்களே, அதற்காகத்தான் அவனை எடுத்தோம்.

இங்கிலாந்து டிஃபெண்டர் ஜான் ஸ்டோன்ஸை அவனுக்குப் பிடிக்கும். 2016-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த ஸ்டோன்ஸ் பந்தை வைத்து ஆடப்போய்ச் செய்த தவறுகளைப் பற்றி விமர்சனம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. 2017-இல் செய்தியாளர் சந்திப்பில் அந்தப் பேச்சு வந்தபோது, இந்த அறையில் இருக்கிற எல்லாரையும்விட அவரிடம்தான் துணிச்சல் அதிகம் என்று சிட்டியின் அப்போதைய பயிற்சியாளர் கார்டியோலா எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகும் ஸ்டோன்ஸுக்கு ஏற்ற இறக்கம் இருந்தது, 2019-20 சீசனில் இடமே போயிற்று. ஆனாலும் 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் டிஃபெண்டரான அவர் நடுக்களத்துக்குள் ஏறி ஆடினார். கார்டியோலா சொன்ன ஒரு வாக்கியத்தால்தான் இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது ஸ்டோன்ஸின் உழைப்பைக் குறைப்பதாகும். ஆனால் அவன் என்னிடம் வந்து கேட்டது பந்தை அடிப்பதா வைத்திருப்பதா என்பதை அல்ல என்று இப்போது தோன்றுகிறது. இன்னொரு முறை இப்படி ஆகிவிட்டால் யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று கேட்டான். "உன் முடிவு" என்று நான் சொன்னதில் அதற்கும் பதில் இருந்தது.

அப்படியென்றால் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? இதையும் செய்து பார்த்துவிட்டேன். போன வருடம் இன்னொரு பையன், 18 வயது, இதே மாதிரி ஒரு பந்தை இழந்துவிட்டு முகம் வெளுத்து வந்து நின்றான். "தொடர்ந்து ஆடு. யார் கேட்டாலும் நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லு" என்றேன். ஹெட் கோச்சிடமும் நானே போய்ச் சொன்னேன். மனசு லேசானது. ஆனால் அந்தப் பையன் இப்போது ஒவ்வொரு கோல் கிக்குக்கும் முன்னால் பெஞ்சில் என் முகத்தைப் பார்க்கிறான். பார்த்துவிட்டுத்தான் பந்து வாங்குகிறான். பெஞ்சைப் பார்க்கும் நேரத்தில் தோளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்பதை அவன் பார்ப்பதில்லை. முதலாமவனுக்குச் சொன்ன பதிலே சரியோ என்று சில நாள் தோன்றத்தான் செய்கிறது.

இந்த சீசனில் முதலாமவன் எங்களுக்கு எதிராக ஆடினான். 23 வயது, தோள் அகன்றிருக்கிறது. அவர்கள் அணிக்குக் கோல் கிக் வரும்போதெல்லாம் பெனால்டி பகுதியை விட்டு வெளியே நடந்து, இரண்டு கையையும் வீசி, நீளமாக அடிக்கச் சொல்லிக் கீப்பருக்குக் காட்டினான். எங்கள் ஸ்ட்ரைக்கரை அசையவிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் தேடி வந்து, "நல்லா இருக்கீங்களா சார்" என்றான். "நல்லா ஆடின தம்பி" என்றேன். "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார்" என்றான். மனதாரச் சொன்னான். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வாராவாரம் ஆடுகிறான், காயமில்லை. இந்தத் தொழிலில் அது சின்ன விஷயம் இல்லை. நான் எதைக் கெடுத்தேன் என்று அவனுக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அன்று ராத்திரி பழைய கோப்பைத் திறந்து, கிளிப்பை இரண்டு நொடி முன்னாலிருந்து மறுபடி வெட்டினேன். 13 நொடி. அவனுக்கு அனுப்ப நினைத்துப் பாதியில் விட்டேன். இது அவனுக்காகவா, எனக்காகவா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை அவனுக்கு ஆட்டம் இருக்கிறது. அதற்கு முன்னால் எப்படியும் அனுப்பக் கூடாது.