கம்பியில் ஒரு பஞ்சுருட்டான்

இன்று காலை முருங்கைப் பூக்களில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து மின்கம்பியில் ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் பறவை. சட்டென்று பாய்ந்தது, பறந்த தேனீயை அலகு நுனியில் கவ்வியது, அதே இடத்துக்குத் திரும்பியது.

அடுத்து நடந்ததைத்தான் மூச்சடக்கிப் பார்த்தேன். தேனீயைக் கம்பியில் நாலைந்து முறை ஓங்கி அடித்தது. பிறகு பிடியை மாற்றி, அதன் வால் நுனியைத் தேய் தேய் என்று தேய்த்தது. கொடுக்கின் நஞ்சு வெளியேறிய பிறகே விழுங்கியது. சற்று நேரத்தில் ஒரு தட்டான் சிக்கியது. அதற்கு இந்தத் தேய்ப்பு இல்லை, அடிப்பதோடு சரி. கொடுக்குள்ளது எது என்று அந்தச் சின்னத் தலைக்குத் தெரிந்திருக்கிறது!

தேனீயும் லேசுப்பட்டதல்ல. நான்கு சிறகுகள், நொடிக்கு 200 முறைக்கு மேல் அடிக்கும். அந்தச் சிறகுகளில் எலும்பும் இல்லை, தசையும் இல்லை. அசைக்கும் தசைகள் மார்புக்குள் இருக்கின்றன. பறவையின் சிறகோ எலும்புள்ள ஒரு கை.

தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சுருட்டான் மேல் கோபம் உண்டு, நியாயம்தான். ஆனால் குளவிகளையும் அது தின்கிறது. தயவுசெய்து கல்லெறியாதீர்கள்.

பூச்சிகளின் செரிக்காத ஓடுகளைப் பஞ்சுருட்டான் சிறு உருண்டையாகக் கக்கிவிடும். ஆற்றங்கரை மண்சரிவில் அதன் வளைக்கருகே ஒன்றை எடுத்து உதிர்த்துப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை முழுவதும் மினுமினுக்கும் சிறகுத் துணுக்குகள்.