டயல் சொன்ன பெயரும் மெஷின் சொன்ன ஊரும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய போர்க்கால வாட்ச் வேலை இப்போது ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்ற இரண்டுக்குமே விடை கிடைத்துவிட்டது. டயலை நம்பியிருந்தால் அது கிடைத்திருக்காது.

இதை வாங்க வைத்தது பின்மூடிதான். காக்கைக் கால் போல மூன்று கோட்டு அம்பு, அதன் அருகில் ஏ.டி.பி. என்ற எழுத்துகள், ஒரு எண். அந்த அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான முத்திரை. ஏ.டி.பி. என்றால் ஆர்மி டிரேட் பேட்டர்ன். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் தரைப்படைக்காக சுவிட்சர்லாந்திலிருந்து தருவித்த வாட்ச் வகை இது. 1945இல் வந்த டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. (வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்) என்ற படை வாட்ச் வகை வேறு. அதை 12 கம்பெனிகள் செய்தன, டயல் கருப்பு. சந்தையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விலை சொல்கிறார்கள். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏ.டி.பி. டயல்கள் பெரும்பாலும் வெள்ளை அல்லது வெள்ளி நிறம். என்னுடையது பளபளக்கும் கருப்பு, அதில் பிரபலமான ஒரு சுவிஸ் பெயர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிமிஷக் கோடுகள் மணி எண்களோடு ஒட்டவில்லை. சின்ன வினாடி வட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நடுத்துளையின் ஓரத்தில் பெயின்ட் திரண்டு நிற்கிறது. நம் ஊரில் பழைய வாட்ச்களுக்கு டயல் மாற்றி எழுதுவது பல காலமாக நடக்கும் தொழில். ஆகவே அந்தப் பெயரை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

அடியில் பழைய டயல் இருக்குமே, சுரண்டிப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்து ஒளிரும் பூச்சில் ரேடியம் இருக்கும். இன்று இருட்டில் மின்னாது. கூடக் கலந்த துத்தநாக சல்ஃபைடு தேய்ந்துபோனதால்தான் மின்னுவதில்லை, ரேடியம் அப்படியேதான் இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

மூடியைத் திறக்கத் திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவரிடம் போனேன். "பாய், பேர் எதுவும் தெரியுதா?" என்றதும் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, "மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்காதே தம்பி, பேலன்ஸுக்கு அடியில பாரு" என்றார். முதலில் சக்கரங்களைத் தாங்கும் மேல் தகடான பிரிட்ஜைத் துடைத்தார். காய்ந்த எண்ணெய் விலகியதும் வெர்டெக்ஸ் என்ற எழுத்து வந்தது, கூடவே 15 ஜுவல், அதாவது தேய்மானத்தைக் குறைக்கும் கற்களின் எண்ணிக்கை. பிறகு மெஷினைச் சாய்த்துப் பிடித்தார். முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் வீலின் இடைவெளியில், அடித் தகடான மெயின் பிளேட்டில் பொடியாக ஜி.டி., 59 என்ற முத்திரை. வீலின் நிழல் விலகும்போதெல்லாம் தெரிந்து மறைந்தது.

விஷயமே அங்கேதான். வெர்டெக்ஸ் 1916இல் கிளாட் லயன்ஸ் லண்டனில் தொடங்கிய கம்பெனி. மெஷினைச் செய்தது ஜி.டி., அதாவது கெடியோன் தோமன் பெயரில் வளர்ந்த தொழிற்சாலை. ஊர், சுவிட்சர்லாந்தின் பாசல் பக்கம் இருக்கும் வால்டன்பர்க். அவர்களுடைய சொந்தப் பிராண்ட் ரெவ்யூ. 59 என்பது மெஷினின் மாடல் எண். வெர்டெக்ஸ் செய்த 1945 டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. வாட்ச்சிலும் ஓடியது இதே 59 குடும்பம்தான். பிரிட்ஜில் இருப்பது விற்றவர் பெயர், பேலன்ஸுக்கு அடியில் இருப்பது செய்தவர் பெயர். பிரிட்ஜில் பெயரே இல்லாத மெஷினாக இருந்தாலும் ஏ.எஸ்., எஃப்.ஹெச்.எஃப். போன்ற, மெஷின் செய்த சுவிஸ் கம்பெனிகளின் முத்திரைகளை இந்த இடத்திலேயே முதலில் தேடுங்கள்.

இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது: ஒரு வாட்ச்சின் கேஸில் வேறொன்றின் மெஷினைப் போட்டிருந்தால்? இது இங்கே சகஜம். சாவி கொடுக்கும் குமிழின் தண்டு கேஸ் துளையின் நட்டநடுவில், உரசாமல் வருகிறதா என்று பார்த்தோம். வருகிறது. மெஷினைப் பிடிக்கும் திருகுகள் கேஸின் உள்விளிம்பில் பதித்த தடம் ஒரே ஜோடி. மெஷின் துளிகூட ஆடவில்லை. மூடியின் உட்பக்கம் பழைய மெக்கானிக்குகள் ஊசியால் கீறிய குறிகள் நிறைய இருக்கின்றன. ஆக, கேஸும் மெஷினும் ஒன்றாகவே வந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன். பின்மூடியின் எண் படையின் இருப்புக் கணக்குக்கானது, அதை வைத்துத் தயாரித்த ஆண்டைத் தேடிப் பயனில்லை.

கேஸ் பித்தளைமேல் குரோம். ஸ்ட்ராப் மாட்டும் காதுகளில் குரோம் போய் மஞ்சள் தெரிகிறது. திரும்பப் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், டயலையும் தொடவில்லை. மெஷினுக்குச் சுத்தமும் எண்ணெயும் மட்டும். சாவிக் குமிழ் மட்டும் பிற்காலத்தது, சின்னதாக இருக்கிறது. அந்தக் காலத்துத் தடித்த குமிழ் ஒன்று பழைய உதிரிப் பெட்டியில் கிடைக்கும் என்கிறார் பாய். அதைத்தான் இப்போது தேடுகிறோம்.