மரவேலைக் கூடத்துக்கு முதலில் நல்ல உளி

நம் பள்ளியின் மரவேலைக் கூடத்துக்கு மெஷின்கள் வாங்கிக் கொடுப்பது பற்றிப் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. மகிழ்ச்சியான செய்தி. அந்தக் கூடத்தில் படித்து, பிறகு மரவேலையையே பிழைப்பாகக் கொண்டவன் என்பதால் மலரில் எழுதும்படி என்னைக் கேட்டார்கள். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் வரட்டும். ஆனால் அதற்கு முன் நல்ல உளிகள் வரவேண்டும், அவற்றைத் தீட்ட நல்ல கற்கள் வரவேண்டும்.

எங்கள் மரவேலை ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. கூடத்தின் மூலையில் ஒரு வட்டவாள் இருந்தது. தடித்த பலகைகளைக் கிழிப்பதற்கு அவர் மட்டும் அதை ஓட்டுவார். எங்களுக்குக் கைவாள், சீவுளி, மூலைமட்டம், உளி. அதிலும் மரத்தைத் தொடுவதற்கு முன் உளியைத் தீட்டப் பழகவேண்டும். தீட்டிய உளியைக் கொண்டுபோய்க் காட்டினால், ஜன்னல் பக்கம் திரும்பி, கூர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்.

"சேர், இனி வெட்டலாமோ?"

"இன்னும் வெளிச்சம் நிக்குது தம்பி. வெளிச்சம் போகட்டும்."

மழுங்கிய முனைக்கு ஓர் அகலம் உண்டு. எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். உண்மையிலேயே கூரான முனையில் வெளிச்சம் நிற்க இடமில்லை. அந்தக் கோடு மறைந்துபோகும். முனையில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே ஒரு சிறு உடைவு இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது. இரண்டாவது சோதனை, மென்மரக் கட்டை ஒன்றின் வெட்டுமுகத்தில், அதாவது நார்கள் குறுக்கே அறுபட்டு நிற்கும் முனையில், ஒரு சீவல் எடுப்பது. கூர் சரியாக இருந்தால் வெட்டிய இடம் மெழுகு பூசியதுபோல மினுங்கும். இல்லாவிட்டால் நார்கள் நசிந்து, வெளிறிப்போய், சொரசொரப்பாக நிற்கும். கடினமரத்தில் மொட்டை உளிகூட ஓரளவு வெட்டிவிடும். மென்மரம்தான் உண்மையைச் சொல்லும்.

அவர் கைக்கருவியில் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. மரத்தின் நார் ஓட்டம் எந்தப் பக்கம் ஏறுகிறது, எங்கே கணுவைச் சுற்றித் திரும்புகிறது என்பதை உளி முதல் தள்ளலிலேயே கைக்குச் சொல்லிவிடும். ஓட்டத்தோடு போனால் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்துப் போனால் மரத்துக்குள் பாய்ந்து பிளக்கப் பார்க்கும். பலகையைத் தடிப்புச் சீவும் மெஷினில் கொடுக்கும்போது முகம் பிய்ந்து வருவதற்கும் இதே காரணம்தான். உளி பிடித்துப் பழகியவன் பலகையின் விளிம்பைப் பார்த்து, எந்த முனையை முதலில் விடுவது என்று முடிவெடுத்துவிடுவான். மெஷினிலேயே தொடங்கியவனுக்குக் கேட்பது இரைச்சல் மட்டுமே. பலகை ஏன் பிய்ந்தது என்று அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

பள்ளிகளில் மரவேலை நுழைந்த கதையும் இதையே காட்டுகிறது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தில் கைவினை கட்டாய பாடமானது. அதைப் பின்பற்றி சுவீடனில் நேஸ் என்ற இடத்தில் ஒட்டோ சாலமன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய பாடவரிசை வெறும் கத்தி வேலையில் தொடங்கும். எளியதிலிருந்து கடினத்துக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும். தச்சர்களை உருவாக்குவது அவர்கள் நோக்கமல்ல. கண்ணும் கையும் கவனமும் ஒன்றாக வேலைசெய்யப் பழகவேண்டும், அதுதான் நோக்கம். எங்கள் ஆசிரியர் இந்தப் பெயர்களை ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் அதே வழியில்தான் எங்களை நடத்தினார்.

மெஷினை நான் குறைத்துப் பேசவில்லை. கப்பல்களுக்கான கப்பிகளை ஒரு காலத்தில் கையால்தான் செய்தார்கள். 1800களின் தொடக்கத்தில் மார்க் புருனெல் திட்டமிட்டு, ஹென்றி மோட்ஸ்லி செய்துகொடுத்த இயந்திரங்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நிறுவப்பட்டபோது, 110 பேரின் வேலையை 10 பேர் செய்தார்கள். 1808இல் ஆண்டுக்கு 130,000 கப்பிகள் வெளிவந்தன. அந்த இயந்திரங்களில் சதுரத் துளை போட்டவையும் மேலும் கீழும் போய்வரும் உளிகளைத்தான் கொண்டிருந்தன என்பதைப் படித்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரே அளவில் நாற்பது கால்கள் வேண்டுமா, கரடான பலகைகளை ஒரே தடிப்புக்குக் கொண்டுவரவேண்டுமா, மெஷினுக்குத்தான் அந்த வேலை. அதைக் கையால் செய்து முதுகை முறிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

ஆனால் பொருத்தம் என்று வரும்போது கதை மாறுகிறது. றவுட்டர் சுழலும் கத்தி. அது குடைந்த பள்ளத்தின் உள்மூலை எப்போதும் வளைந்தே நிற்கும். அதைச் சதுரமாக்க உளி வேண்டும். புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும் மூட்டுத்தான் புறாவால் மூட்டு. அதை றவுட்டரால் வெட்டினால், வால்களுக்கிடையே கத்தியின் கழுத்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாகவேண்டும். கையால் வெட்டுபவர் வாள் ஒருமுறை போகும் அகலத்துக்கே அதை ஒடுக்கிவிடலாம். பழைய இழுப்பறைகளில் அந்த மெல்லிய நுனிகளைப் பார்த்தவுடன் கைவேலை என்று சொல்லிவிடுவோம். கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் மரமுனை, இறுக்கத்தால் உள்ளே போகவில்லையென்றால் ஒரு சீவல் எடுத்தால் போதும். அந்த ஒரு சீவலுக்காக மெஷினைத் திரும்ப அளவு வைப்பதற்குள் உளிக்காரர் மூட்டை ஒட்டி முடித்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தூள் உறிஞ்சும் ஏற்பாடும் காதுக் கவசமும் இல்லாமல் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் மெஷின் ஓடக்கூடாது. உளி சீவல்களைத்தான் விடுகிறது; அவை தரையில் விழுகின்றன, நுரையீரலுக்குப் போவதில்லை.

இனி உளி வாங்குவது பற்றி. பளபளப்பையும் பெட்டியையும் பார்த்து வாங்காதீர்கள். முதலில் பார்க்கவேண்டியது உருக்கு. மேல்நாட்டு உளிகளின் கடினம் பொதுவாக, உலோகக் கடினத்தை அளக்கும் ரொக்வெல் அளவில் 58 முதல் 62 வரை இருக்கும். அதற்குக் கீழே போனால் கூர் மடங்கும். மிக மேலே போனால் பொரிந்து உடையும். சாதாரண கார்பன் உருக்கு சீக்கிரம் தீட்டுப்படும், மிக நுண்மையான கூர் எடுக்கும், ஆனால் துருப்பிடிக்கும். ஏ2 போன்ற குரோமியம் கலந்த உருக்கு கூரை நீண்ட நேரம் வைத்திருக்கும், தீட்டத்தான் நேரமெடுக்கும். முனைக் கோணத்தை 30 பாகைக்குக் கீழே இறக்கினால் பொரிந்துபோகும் குணமும் அதற்கு உண்டு. ஜப்பானிய உளி மென்மையான இரும்பின் மேல் கடின உருக்கைப் பற்றவைத்துச் செய்யப்படுகிறது. கூர் அபாரம், ஆனால் நெம்புகோலாகப் பயன்படுத்தினால் முனை போய்விடும். பள்ளிக்கு நான் சிபாரிசு செய்வது நல்ல கார்பன் உருக்குத்தான். தீட்டக் கற்கும் பிள்ளைக்குக் கல்லில் பத்து இழுப்பில் மாற்றம் தெரியவேண்டும்.

அடுத்தது உளியின் முதுகு, அதாவது சாய்வில்லாத தட்டைப் பக்கம். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் இடம். சாய்வு முகத்தை மட்டும் எவ்வளவு தீட்டினாலும் தட்டை முகம் கோணலாக இருந்தால் கூர் வராது. முனையையொட்டிய ஓர் அங்குலமாவது தட்டையாக இருக்கவேண்டும். முதுகில் மையைப் பூசி, தட்டையான கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். நடுவில் கொஞ்சம் பள்ளம் இருந்தால் பரவாயில்லை, தேய்த்துச் சரிசெய்யலாம். நடு புடைத்திருந்தால் அந்த உளியைத் திரும்ப வைத்துவிடுங்கள். கல்லின் மேல் அது ஆடிக்கொண்டேயிருக்கும்.

புறாவால் வேலைக்கு உளியின் இரண்டு பக்க விளிம்புகளும் அடியில் மெலிந்து வரவேண்டும். தடித்த விளிம்பு பக்கத்து மரத்தை நசித்துவிடும். ஆழமான துளைக்குத் தடித்த துளையுளி தனியாக வேண்டும். பிடியைக் கையில் பிடித்துப் பார்த்தே முடிவெடுங்கள். கொட்டாப்புளியால் தட்டும் உளிக்குப் பிடியின் தலையில் வளையம் இருந்தால் பிளக்காது.

பழைய உளிகளை ஒதுக்கவேண்டாம். நல்ல பழைய உருக்கு இன்றைய பல மலிவு உளிகளைவிட மேல். முதுகில் முனைக்கு அருகே துரு அரித்த குழிகள் இல்லையா என்று பாருங்கள். முனை நீலம் பாரித்திருந்தால் யாரோ சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்துச் சூடாக்கியிருக்கிறார்கள். கார்பன் உருக்கு சுமார் 300 பாகை செல்சியஸ் வரை சூடாகி இளகிப்போனதன் அடையாளம் அது. அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து எடுத்தால்தான் உள்ளே நல்ல உருக்கு கிடைக்கும்.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். பன்னிரண்டு உளி கொண்ட பெட்டி வேண்டாம். அதில் பாதி தொடப்படாமலே துருப்பிடிக்கும். ஒவ்வொரு மேசைக்கும் 6, 12, 18, 25 மில்லிமீற்றரில் நான்கு நல்ல உளிகள், கூடத்துக்குப் பொதுவாக 10 மில்லிமீற்றர் துளையுளிகள் சில. 1000, 6000 எண் தீட்டுக்கற்கள் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்), அந்தக் கற்கள் குழி விழும்போது தட்டையாக்க ஒரு வைரத் தகடு, கடைசியில் இழுக்க ஒரு தோல்பட்டை. இவை வந்து, பிள்ளைகள் தீட்டப் பழகிய பிறகு, தூள் உறிஞ்சியோடு சேர்த்து ஒரு தடிப்புச் சீவும் மெஷின் வாங்கலாம். அதற்கும் என் பங்கைத் தருவேன்.